ஆன்லைன் ஃபேன்டஸி ஆர்பிஜி செய்யப் போறீங்களா? டிராகன் அப்புறம், முதல்ல ட்ரேட் விண்டோ

மாசத்துக்கு ஒருத்தராவது மெசேஜ் போட்டுடுறாங்க, ப்ரோ நாங்க மூணு பேர் சேந்து ஒரு ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி வாழ்ந்து ஆடுற கேம்) பண்றோம், கதை ரெடி, ஒன்பது நாடு பதினாலு இனம், மேப் கூட வரைஞ்சாச்சு, அடுத்து என்ன பண்ணணும்னு. நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கீழ ஒரு கத்தி கிடக்கு, ரெண்டு பிளேயர் ஒரே நேரத்துல அதை எடுக்குறாங்க, உங்க கேம்ல என்ன ஆகும்? பாதி பேர் அதோட ஆஃப்லைன் போயிடுவாங்க. மீதி பேர் "யார் முதல்ல கிளிக் பண்றாங்களோ அவங்களுக்கு"ன்னு சொல்வாங்க, சரி, யார் முதல்ல கிளிக் பண்ணாங்கன்னு யாரு முடிவு பண்றது, மதுரைல இருக்கிற போனா, டொரன்டோல இருக்கிற லேப்டாப்பா, மும்பைல இருக்கிற சர்வரா? தனியா ஆடுற கேமுக்கும் ஆன்லைன் கேமுக்கும் இருக்கிற வித்தியாசம் மொத்தமும் இந்த கேள்விக்குள்ளதான் இருக்கு, அதனால இந்த கைடு முழுக்க அதையே வேற வேற இடத்துல கேட்டுக்கிட்டே போகப் போறேன். கதை எழுதறது, ஆர்ட் வரையறது பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல, அது உங்ககிட்ட என்னைவிட நல்லாவே இருக்கும்.

முதல்ல அளவு

மூணு பேர் இருக்கீங்கன்னா ஒரு ஊர், ஒரு காடு, ஒரு குகை, நாலு வகை மான்ஸ்டர், சாட், பார்ட்டி (சேந்து ஆடுற குழு), ட்ரேட் (பொருளைக் கை மாத்திக்கிறது). இவ்வளவுதான். இதை முழுசா வேலை செய்ய வைக்கவே உங்களுக்கு ஒரு வருஷம் கிட்ட ஆகும், நம்பலன்னா ஆரம்பிச்சுப் பாருங்க.

சின்னதா ஆரம்பிச்சா யாரு வருவாங்கன்னு கேப்பீங்க. ரூன்ஸ்கேப் 2001 ஜனவரி 4ல வந்துச்சு, இங்கிலாந்துல கவர் அண்ணன் தம்பிங்க செஞ்சது, ஜாவால எழுதி பிரவுசர்லயே ஓட விட்டாங்க. பொம்மைங்க எல்லாம் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். ஆனா ஸ்கூல் லேப்ல, நெட் சென்டர்ல எந்த ஓட்டை கம்ப்யூட்டர்லயும் இன்ஸ்டால் பண்ணாம ஓடிச்சு, அதுதான் அதோட பலம். இன்னொரு விஷயம், அந்த கேம்ல சர்வர் 0.6 செகண்டுக்கு ஒரு தடவைதான் கணக்கு பாக்கும், நீங்க எவ்வளவு வேகமா கிளிக் பண்ணாலும் அடுத்த கணக்கு, அதாவது அடுத்த டிக் வந்தாதான் நடக்கும். கேக்க சோம்பேறித்தனமா தெரியும், ஆனா மெதுவான நெட்ல ஆடுறவனும் வேகமான நெட்ல ஆடுறவனும் கிட்டத்தட்ட சமமா நிக்கிறது அதனாலதான். உங்க கேம்ல கத்திச் சண்டை மில்லி செகண்ட் கணக்குல இருக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்லணும்னா ஃபைனல் ஃபேன்டஸி 14. 2010 செப்டம்பர் 30ல ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட முதல் வெர்ஷன், பாக்க அவ்வளவு அழகு, ஆட முடியல. அதுல இருந்த ஒரு பூந்தொட்டிக்கும் ஒரு பிளேயர் கேரக்டருக்கும் ஒரே அளவு பாலிகன் (3டி உருவத்தைக் கட்டுற குட்டிக் குட்டி முகங்கள்) செலவழிச்சிருந்தாங்கன்னு, அப்புறமா பொறுப்பெடுத்த நவோகி யோஷிடாவே சொன்னது ரொம்ப பிரபலம். தனியா ஆடுற கேம்னா பூந்தொட்டி அழகா இருந்துட்டுப் போகட்டும், ஆனா அந்தத் தொட்டி பக்கத்துல அம்பது பேர் வந்து நிப்பாங்க, அந்த அம்பது பேரையும் வரையணும், அதை யோசிக்கல. நீங்க ஒரு சந்தை வரையும்போது காலி சந்தையைப் பாத்து திருப்தி படாதீங்க, ஐம்பது டம்மி கேரக்டரை நிக்க வச்சு அப்புறம் பாருங்க.

எஞ்சின் (கேமைக் கட்ட உதவுற ரெடிமேட் சாஃப்ட்வேர்) எதுன்னு சண்டை போட்டு ஒரு மாசத்தை வீணாக்காதீங்க. கோடோ இலவசம், எம்ஐடி லைசன்ஸ், யாருக்கும் பைசா தர வேண்டாம். அன்ரியல்ல வருமானம் 10 லட்சம் டாலர் தாண்டினா 5 சதவீதம் ராயல்டி, அந்தப் பிரச்சனை நமக்கெல்லாம் வந்தா சந்தோஷம்தான். யூனிட்டி 2023ல இன்ஸ்டால் கணக்குக்கு காசு கேப்போம்னு சொல்லி டெவலப்பருங்க எல்லாம் கொந்தளிச்சு 2024ல வாபஸ் வாங்கிட்டாங்க, அதுல நம்பிக்கை போனவங்க நிறைய. மூணுல எது உங்களுக்குக் கை பழகியிருக்கோ அது. ஏன்னா எஞ்சின் உங்க கேம்ல பாதிதான், மிச்ச பாதி சர்வர், அதை நீங்களேதான் எழுதப் போறீங்க.

கிளையன்ட் பொய் சொல்லும்

இதை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டிக்கோங்க. பிளேயரோட கம்ப்யூட்டர்ல ஓடுற ப்ரோக்ராம்தான் கிளையன்ட், அது அவன் கையில இருக்கு, அவன் நினைச்சா அதை மாத்துவான். அதனால கிளையன்ட் சர்வர்கிட்ட "நான் 50 கோல்ட் எடுத்துட்டேன்"னு சொல்லவே கூடாது, "நான் இந்தப் பெட்டியைத் திறக்கட்டுமா"ன்னு கேக்கணும். சர்வர் பாக்கும், இவன் பெட்டி பக்கத்துல நிக்கிறானா, பெட்டி பூட்டியிருக்கா, ஏற்கனவே வேற ஒருத்தன் திறந்துட்டானா, எல்லாம் சரின்னா எவ்வளவு கோல்ட்னு சர்வரே முடிவு பண்ணி சொல்லும். நடக்கிறதும் அப்படித்தான், "நான் இங்க வந்துட்டேன்" இல்ல, "இந்தப் பக்கம் போறேன்". உங்களுக்கு இது டபுள் வேலைன்னு தோணும், ஆமா டபுள் வேலைதான், ஆனா இதை ஆரம்பத்துல செய்யாம அப்புறம் சேத்துக்கலாம்னு விட்டவங்க யாரும் அப்புறம் சேத்ததை நான் பாத்ததில்ல, மொத்தமா திரும்ப எழுதினதைத்தான் பாத்திருக்கேன்.

அடுத்து கூட்டம். நூறு பேர் ஒரு சந்தையில நிக்கிறாங்க, ஒருத்தன் நகந்தா மிச்ச 99 பேருக்கும் சொல்லணும், நூறு பேரும் நகந்தா ஒரு டிக்குக்கு 9,900 மெசேஜ், செகண்டுக்கு பத்து டிக்னா 99,000. ஆளு ரெண்டு மடங்கு ஆனா மெசேஜ் நாலு மடங்கு ஆகும், இதுல மெஷினைப் பெருசாக்கி ஜெயிக்க முடியாது. மேப்பை கட்டம் கட்டமா பிரிச்சு, ஒருத்தனுக்கு அவன் கட்டமும் சுத்தி இருக்கிற எட்டு கட்டமும் மட்டும் அனுப்புங்க, அப்படியும் கூட்டம் அதிகம்னா தூரத்துல இருக்கிறவங்களைப் பத்தி நாலு டிக்குக்கு ஒரு தடவை சொன்னா போதும், யாருக்கும் தெரியாது. பெரிய கேமுங்க ஒரே உலகத்தைப் பல காப்பியா ஓட விடுறதும் இதனாலதான், அதுக்கு ஷார்டுன்னு பேரு, அந்தப் பேரு 1997ல வந்த அல்டிமா ஆன்லைன்லருந்து வந்தது. மந்திரவாதியோட ரத்தினம் உடைஞ்சு ஒவ்வொரு சில்லுலயும் ஒரு உலகம் இருக்குன்னு சர்வர் பத்தாததுக்கே ஒரு கதை கட்டிட்டாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கத்தி கை மாறும்போது

இப்ப தலைப்புல சொன்ன ட்ரேட் விண்டோ, அதாவது ரெண்டு பிளேயர் பொருளைக் கை மாத்திக்கிற பெட்டி. எங்க கேமோட முதல் டெஸ்ட்ல தெரிஞ்சவங்க முப்பது பேர் உள்ள வந்தாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பி தன்னோட ஃபிரண்டுக்கு ஒரு நெருப்புக் கத்தியைக் கொடுக்குறான், ரெண்டு பேரும் ஓகே அமுக்கிட்டாங்க, சரியா அந்த நேரம் அவன் ஹாட்ஸ்பாட் போயிடுச்சு. திரும்ப லாகின் பண்ணிப் பாக்குறான், கத்தி அவன்கிட்டயும் இருக்கு ஃபிரண்டுகிட்டயும் இருக்கு. நல்ல பையன், உடனே எங்களுக்கு சொல்லிட்டான், ஆனா எங்களுக்கு முன்னாடி இன்னும் நாலு பேருக்கு சொல்லிட்டான். விடிகாலைல நான் எழுந்து பாக்கும்போது உலகத்துல மூணே மூணு இருக்க வேண்டிய கத்தி அறுபதுக்கு மேல இருந்துச்சு, காட்டுல முயல் பிடிக்கிறவன் கையிலகூட.

தப்பு எங்கன்னா, நாங்க ஒவ்வொரு பிளேயரோட இன்வென்ட்ரியையும் (கையில வச்சிருக்கிற பொருள் லிஸ்ட்) தனித்தனியா சேவ் பண்ணோம். வாங்கினவன் உடனே சேவ் ஆயிட்டான், கொடுத்தவன் லைன் கட் ஆனதால அவனோட பழைய சேவே டேட்டாபேஸ்ல நின்னுடுச்சு. சரியான வழி இது. ஒவ்வொரு பொருளுக்கும் உலகத்துலயே ஒரே ஒரு நம்பர், கத்தி 48213ன்னா அது ஒண்ணுதான். அந்தக் கத்தியோட வரியில "ஓனர் யாரு"ன்னு ஒரு இடம். கை மாறுதுன்னா அந்த ஓனர் பேரு மட்டும் மாறும், அதுவும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள்ள, மாறும்போதே "இப்ப ஓனர் இன்னும் பழைய ஆள்தானா"ன்னு செக் பண்ணிட்டு. ஒண்ணு முழுசா நடக்கும், இல்லன்னா ஒண்ணுமே நடக்காது, பாதி நடந்துச்சுங்கிற நிலைமையே வரக் கூடாது. பேங்க்ல பணம் அனுப்புற மாதிரிதான். ட்ரேட், தபால், கடை, கில்ட் (பிளேயருங்க சேந்து வைக்கிற சங்கம்) பெட்டி, கீழ போடுறது, செத்தா விழுறது எல்லாமே இந்த ஒரே ஃபங்ஷன் வழியா போகட்டும், ஆறு இடத்துல ஆறு விதமா எழுதினா ஆறுல ஒண்ணு ஓட்டையா இருக்கும், அது எதுன்னு உங்களுக்கு முன்னாடி பிளேயர் கண்டுபிடிப்பான்.

கோல்டுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு. மைனஸும் வைக்கிற சாதாரண 32 பிட் எண்ணுல அதிகபட்சம் 2,14,74,83,647 தான் வைக்க முடியும், அதைத் தாண்டினா எண்ணு புரண்டு மைனஸ்ல போயிடும். டயப்லோ 3ல 2013 மே மாசம் ஒரு பேட்ச் (கேமைத் திருத்துற அப்டேட்) வந்தப்ப ஏலக்கடையில இந்த மாதிரிதான் கணக்கு புரண்டு சிலர் கோல்டைக் கோடி கோடியா பெருக்கிட்டாங்க, ஏலக்கடையையே மூடி வச்சுட்டு அக்கவுன்ட் அக்கவுன்டா ஆராய வேண்டியதாயிடுச்சு. 64 பிட்ல வைங்க, காசு செலவே இல்ல. அதோட ஒவ்வொரு கை மாறுதலையும் லாக்ல (பதிவேட்டுல) எழுதுங்க, யாரு, யாருக்கு, எந்தப் பொருள், எத்தன மணிக்கு. எங்ககிட்ட அந்த லாக் இல்லாததால எது ஒரிஜினல் கத்தி எது டூப்னு தெரியாம எல்லாத்தையும் அழிச்சோம், ஒழுங்கா உழைச்சு வாங்குன மூணு பேரும் சேந்து அழுதாங்க.

பேரு வைக்கிற பாக்ஸ்

நம்ம ஆளுங்க ஆடுவாங்கன்னா தமிழ்ல பேரு வைக்க விடுங்க, ஆனா அது நினைக்கிற மாதிரி சின்ன வேலை இல்ல. "பொன்னி"ன்னு ஒரு பேரு, நமக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தை எண்ற யூனிகோட் முறைல ஆறு குறியீடு, அதை யூடிஎஃப் 8ங்கிற வடிவத்துல சேவ் பண்ணா 18 பைட். பேருக்கு 12 பைட் லிமிட் வச்சா பொன்னி பாதில அறுந்துடுவா. அதனால லிமிட்டை நாம பாக்குற எழுத்துக் கணக்குல வைங்க, டேட்டாபேஸ்ல இடத்தைத் தாராளமா விடுங்க.

அடுத்தது ஆள்மாறாட்டம். "பொ"ல வர்ற கொம்பும் காலும் ஒரே குறியீடாவும் டைப் பண்ணலாம், கொம்பு தனியா கால் தனியாவும் டைப் பண்ணலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. ஒரே பேருல ரெண்டு பொன்னி நிப்பாங்க, ஒருத்திகிட்ட கடன் வாங்கி இன்னொருத்திகிட்ட திருப்பிக் கொடுப்பீங்க. யூனிகோட் நார்மலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, பேரை சேவ் பண்றதுக்கு முன்னாடி அதை ஓட விட்டா இது தீரும். ஆனா தமிழ் எண்கள் தீராது. ௧ன்னா ஒண்ணு, க மாதிரியே இருக்கும். ௭ன்னா ஏழு, எ மாதிரியே இருக்கும். "௧ண்ணன்"னு ஒருத்தன் கில்ட் தலைவர் கண்ணன் மாதிரி வேஷம் போட்டு கில்ட் பெட்டியைக் காலி பண்ணிட்டு போயிடலாம். பேருல தமிழ் எண்களையே தடை பண்ணிடுங்க, பழைய கணக்குப்பிள்ளை யாரும் வந்து கோச்சுக்க மாட்டாங்க.

எழுத்து ஸ்கிரீன்ல ஒழுங்கா வருதான்னும் முதல் வாரமே பாத்துடுங்க. கோடோ 4ல தமிழ் அடுக்கிக் காட்டுற வேலையை அதுவே பாத்துக்கும். யூனிட்டியோட டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவுல அப்படியே போட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், அதுக்குத் தனியா வழி தேடணும்.

ஆளுங்க எல்லாத்தையும் தின்னுடுவாங்க

டிசைன் பத்தி எழுதினா புத்தகமே போடலாம், நான் ரெண்டு மூணு சம்பவம் மட்டும் சொல்றேன், ஏன்னா எனக்கு புத்தி வந்தது அதுலதான்.

அல்டிமா ஆன்லைன்ல முதல்ல ஒரு முழு இயற்கைச் சங்கிலியே வச்சிருந்தாங்க, புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், ஓநாய்க்கு இரை இல்லன்னா ஊருக்குள்ள வரும், அப்ப பிளேயர் வந்து காப்பாத்துவாருன்னு. நடந்தது என்னன்னா ஆளுங்க உள்ள வந்த உடனே நகர்ற எதையும் விடாம வெட்டித் தள்ளிட்டாங்க, முயலும் இல்ல ஓநாயும் இல்ல, சங்கிலி எங்க இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியல. எடுத்துட்டாங்க. பத்து பேரை வச்சு டெஸ்ட் பண்ணி அழகா இருந்த எதையும் ஆயிரம் பேருக்கு நம்பாதீங்க.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பீட்டாவுல (வெளியிடுறதுக்கு முன்னாடி ஆளுங்களை ஆட விடுற டெஸ்ட்) ரொம்ப நேரம் ஆடுறவங்களுக்கு கிடைக்கிற அனுபவப் புள்ளியைப் பாதியாக் குறைச்சாங்க, போய் தூங்குங்கடான்னு. ஆளுங்க கொதிச்சுட்டாங்க, எங்களைத் தண்டிக்கிறீங்கன்னு. அப்புறம் அதே கணக்கைத் திருப்பிப் போட்டாங்க, ஓய்வெடுத்துட்டு வந்தா 200 சதவீதம், கொஞ்ச நேரம் ஆனதும் வழக்கமான 100. உள்ள கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா இப்ப எல்லாருக்கும் சந்தோஷம். நம்ம ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போர்டு எழுதுற அதே மூளை. எதையாவது குறைக்கணும்னா முதல்ல இதை யோசிங்க.

அதே கேம்ல 2005 செப்டம்பர்ல ஹக்கார்னு ஒரு பாஸ் (பெரிய வில்லன்), அது ஆளுங்க மேல ஒட்டுவியாதி மாதிரி ஒரு சாபத்தைப் போடும், அது அந்த சண்டை நடக்கிற இடத்துக்குள்ள மட்டும்தான் இருக்கணும். ஆனா வேட்டைக்காரனோட வளர்ப்பு மிருகத்துமேல ஒட்டினது, மிருகத்தை மறைய வச்சுட்டு ஊருக்கு வந்து திரும்ப கூப்பிட்டா, வியாதியும் கூடவே வந்துச்சு. பெரிய நகரமெல்லாம் எலும்புக்கூடா கிடந்தது, கடைக்காரங்க சாகாம வியாதியை மட்டும் பரப்பிக்கிட்டு நின்னாங்க. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி, பேட்ச் மேல பேட்ச் போட்டுத்தான் நிறுத்த முடிஞ்சது, நிஜமான தொற்றுநோய் ஆராய்ச்சி பண்றவங்க இதை வச்சு கட்டுரை எழுதினாங்க. ரூன்ஸ்கேப்ல 2006 ஜூன்ல நடந்ததும் இதே வகைதான், ஒருத்தர் வீட்டுல பார்ட்டி, உள்ள சண்டை மைதானத்துல ஒருத்தரை ஒருத்தர் அடிக்கலாம், கேம் திணறி எல்லாரையும் வெளிய தள்ளினப்ப சிலருக்கு அந்த "அடிக்கலாம்"ங்கிற அனுமதி மட்டும் அழியாம கூடவே வந்துடுச்சு, ஃபலடோர் ஊர்ல அவங்க வெட்ட வெட்ட மத்தவங்களால திருப்பி அடிக்கவே முடியல.

ரெண்டுலயும் ஒரே ஓட்டை, ஒரு இடத்துக்கான விதி ஆளோட சேந்து வெளிய வந்துடுச்சு. அதனால ஒருத்தன் ஒரு இடத்தை விட்டு வெளிய போற எல்லா வழியையும் எழுதுங்க, நடந்து போறது, செத்துப் போறது, டெலிபோர்ட், லைன் கட், சர்வர் கிராஷ், வளர்ப்பு மிருகம், எதுல போனாலும் அந்த இடத்தோட விதிங்க வாசல்லயே கழண்டு விழுதான்னு ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணுங்க. அலுப்பான வேலைதான்.

பீட்டா

ரெண்டு விதமா டெஸ்ட் வேணும். ஒண்ணு மனுஷங்க, ஒண்ணு பாட். ஸ்கிரீனே இல்லாம லாகின் பண்ணி, நடந்து, கத்தி எடுத்து, ட்ரேட் பண்ணி, லாகவுட் ஆகுற ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதி அதையே ஆயிரம் காப்பி ஓட விடுங்க. முதல்ல சாகப் போறது உங்க அழகான மேப் இல்ல, லாகின்தான். பாஸ்வேர்டை பத்திரமா ஹாஷ் பண்றீங்கன்னா, அதாவது திருப்பி எடுக்க முடியாத குறியா மாத்தி வைக்கிறீங்கன்னா, ஒவ்வொண்ணுக்கும் கால் செகண்ட் சிபியு போகும்னு வைங்க, அது வேணும்னே மெதுவா செய்யறது, அப்பத்தான் திருடனுக்கு கஷ்டம். லாஞ்ச் அன்னிக்கு 2,000 பேர் ஒண்ணா வந்தா ஒரு கோர்ல 500 செகண்ட், எட்டு நிமிஷத்துக்கு மேல. அந்த எட்டு நிமிஷமும் ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க, வரலன்னு திரும்பத் திரும்ப லாகின் அமுக்குவாங்க, 2,000 இருந்தது 20,000 ஆகும். அதனால பாஸ்வேர்டைத் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு கியூ இருக்கணும். இது இல்லாம லாஞ்ச் பண்ணாதீங்க, ப்ளீஸ்.

கிராஷ் ஆனப்புறம் என்ன ஆகுதுன்னும் வேணும்னே கிராஷ் பண்ணிப் பாருங்க. 1997 ஆகஸ்ட்ல அல்டிமா ஆன்லைன் பீட்டாவுல ரிச்சர்ட் கேரியட் தன்னோட ராஜா கேரக்டர்ல வந்து மக்களுக்கு தரிசனம் கொடுத்துக்கிட்டு இருந்தார், அவரை யாராலயும் கொல்ல முடியாதுன்னு செட்டிங். சர்வர் கிராஷ் ஆகி திரும்ப வந்தப்ப அந்த செட்டிங் போயிருந்துச்சு, யாருமே கவனிக்கல. கூட்டத்துல ஒருத்தன் சும்மா ஒரு நெருப்பு மந்திரச் சுருளை வீசினான், கேமை உருவாக்கினவரே தன் மக்கள் முன்னாடி செத்து விழுந்தார். வரலாற்றுல நின்னுடுச்சு, அவங்களுக்கு விளம்பரம்தான், உங்களுக்கு அதே மாதிரி அட்மின் பவர் கிராஷுக்கு அப்புறம் தப்பான ஆளுக்குப் போனா விளம்பரம் ஆகாது.

கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல போடுறதுக்கு ஒரு கேமுக்கு 100 டாலர், விற்பனை 1,000 டாலர் தாண்டினா அது திரும்ப வரும். பணம் கட்டினதுலருந்து 30 நாள் காத்திருக்கணும், "விரைவில்" பக்கம் குறைஞ்சது ரெண்டு வாரம் இருக்கணும், இதை லாஞ்ச் வாரத்துல கண்டுபிடிச்சு தலைல கை வச்சவங்களை எனக்குத் தெரியும். ஆளுங்க வாங்கின 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், அந்த ரெண்டு மணி நேரத்துல கியூ ஸ்கிரீனை முறைச்சுக்கிட்டு இருக்கிற நேரமும் சேரும். அதனால முதல் நாள் கியூ உங்க பாக்கெட்டையே கடிக்கும்.

லாஞ்ச்

எவர்குவெஸ்ட் 1999 மார்ச் 16, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பர் 23, ஃபைனல் ஃபேன்டஸி 14 மறுபிறவி எடுத்தது 2013 ஆகஸ்ட் 27, அதோட எண்ட்வாக்கர்ங்கிற விரிவாக்கம் 2021 டிசம்பர் 7. காலண்டர் எடுத்துப் பாருங்க, நாலும் செவ்வாய்க்கிழமை. எங்க பாட்டி கேட்டா செவ்வாய் வெறுவாய், எவன்டா நல்ல காரியம் ஆரம்பிப்பான்னு திட்டும். ஆனா எங்களுக்கும் செவ்வாய்தான் சரிப்பட்டுச்சு, ஏன்னா திங்கள் கடைசியா ஒரு தடவை பாத்துக்கலாம், உடைஞ்சா புதன் வியாழன் வெள்ளி சரி பண்ணலாம், சனி ஞாயிறு கூட்டம் வரும்போது சர்வர் நிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாஞ்ச் பண்றவனுக்கு சனி ராத்திரி தூக்கம் கிடையாது.

ஒரு வாரத்துக்கு முன்னாடியே ப்ரோக்ராம் கோடை (code) உறைய வைங்க, புதுசா எதையும் சேக்காதீங்க, "சின்ன மாற்றம்தான் ப்ரோ"ன்னு ஒருத்தன் வருவான், அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உக்கார வைங்க. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, அந்த பேக்கப்பை வேற மெஷின்ல ஏத்தி நீங்களே உள்ள போய் உங்க கத்தி இருக்கான்னு பாத்திருக்கணும். டூப் வந்தா எத்தன மணி நேரம் வரைக்கும் சர்வரைப் பழைய நிலைமைக்குப் பின்னாடி கொண்டு போவீங்க, எதுக்கு மேல போகவே மாட்டீங்கன்னு இப்பவே எழுதி வைங்க, ராத்திரி மூணு மணிக்கு தூக்கக் கலக்கத்துல அதை முடிவு பண்ணா தப்பாத்தான் பண்ணுவீங்க.

கியூவுல நிக்கிறவனுக்கு அவன் நம்பர் தெரியணும், நம்பர் குறையறது தெரியணும், லைன் கட் ஆனா சில நிமிஷம் வரைக்கும் அவன் இடம் அப்படியே இருக்கணும். எண்ட்வாக்கர் வந்தப்ப ஆயிரக்கணக்குல ஆளுங்க மணிக்கணக்கா நின்னாங்க, பாதில 2002ன்னு ஒரு எரர் வந்து வெளிய தள்ளிச்சு, அதுதான் நிக்கிறதைவிட எரிச்சல். அவங்க பண்ணதுல ஒண்ணை நான் மதிக்கிறேன், புது ஆளுங்களுக்கு விக்கிறதையே நிறுத்தி வச்சாங்க, ஜனவரி 25 வரைக்கும் திரும்ப ஆரம்பிக்கல, ஏற்கனவே இருந்தவங்களுக்கு முதல்ல 7 நாள் அப்புறம் 14 நாள் இலவசமா கொடுத்தாங்க. காசு வர்ற கதவை அடைக்கிறது சின்ன டீமுக்கு வயித்தைக் கலக்கும், ஆனா உள்ள இடம் இல்லாத பஸ்ல டிக்கெட் போட்டுக்கிட்டே இருந்தா கண்டக்டர்தான் அடி வாங்குவார்.

அன்னிக்கு மூணு பேர்ல ஒருத்தர் கோடு பக்கமே போகக் கூடாது, அவர் வேலை அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலைமையை எழுதுறது மட்டும்தான். "லாகின் சர்வர் திணறுது, காரணம் தெரியல, 7.30க்கு திரும்ப சொல்றோம்"னு எழுதிட்டு, 7.30க்கு ஒண்ணும் தெரியலன்னாலும் தெரியலன்னு வந்து சொல்லணும்.

முதல் வாரம் முடிஞ்சதும் விட்டுட்டுப் போனவங்களோட லிஸ்டை எடுங்க, ஒவ்வொருத்தரும் கடைசியா எந்த இடத்துல நின்னாங்கன்னு மேப்ல ஒரு புள்ளி வைங்க. எங்களுக்கு புள்ளி எல்லாம் ஆத்தங்கரைல ஒரே இடத்துல குவிஞ்சு கிடந்தது. குவெஸ்ட் கஷ்டமா, மான்ஸ்டர் பலமான்னு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு அப்புறம்தான் நாங்களே சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்னு பாத்தோம். அக்கரைக்கு போக படகோட்டியைக் கிளிக் பண்ணணும், அவர் மேலேயே முப்பது பேர் குதிரையோட ஏறி நிக்கிறாங்க, கிளிக் எல்லாம் குதிரை மேல விழுது. நாங்க டெஸ்ட் பண்ணும்போது அந்தக் கரைல ஒரு தடவைகூட ரெண்டு பேர் சேந்து நின்னதில்ல. படகோட்டியை ஒரு உயரமான பாறை மேல ஏத்தி, பாறைல யாரும் கால் வைக்க முடியாதபடி பண்ணோம். பத்து நிமிஷ வேலை.